சிவப்பு வாசலில் கழற்றிய செருப்பு

மாலை ஐந்து மணி. எழுபத்தாறாம் வருடம், ஆஸ்திரேலியாவின் ஜூலை மாதக் குளிர். சிட்னியிலிருந்து பாத்தர்ஸ்ட் ஊரைத் தாண்டி மேற்கே போகிற ரோடு... அரை மணி நேரமாக எதிரே ஒரு கார்கூட வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நடந்ததல்ல. என் அறைத்தோழி விமலாதேவியின் பெரியம்மா மகள் ரஞ்சினிக்கு நடந்தது. ஹீட்டர் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். லைட் வேண்டாம்.

காரில் மூன்று பேர். ஓட்டியவர் சடகோபன், கும்பகோணத்துக்காரர், ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் வேலை. பின்சீட்டில் ரஞ்சினியும் கணவர் ஜெயரட்ணமும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் இருந்தார்கள்.

ரஞ்சினிக்கு அது கர்ப்பத்தின் பத்தாவது வாரம். இதற்கு முன் இரண்டு தரம். இரண்டும் பதினோராவது வாரத்தில் தங்காமல் போயின. நேர்த்தி வைக்க ஒரு கோயில் வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது சிட்னியில் ஏது கோயில்? குசினி அலுமாரிக்குள் சாமிப் படம் வைத்துக் கும்பிட்ட காலம். சடகோபனோடு வேலை செய்த ஜப்பான்காரர்தான், இந்தப் பக்கம் ஒரு மேட்டில் அவர்கள் கோயில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

"சாமின்னா சாமிதானே. ரெண்டு தடவை கை தட்டிக் கும்பிடணுமாம். அவ்வளவுதான்," என்றார் சடகோபன்.

"உங்கட பெருமாள் கோவிக்க மாட்டாரோ?" ஜெயரட்ணம் கேட்டார்.

"அவருக்கு இன்னும் விசா கிடைக்கலைப்பா."

ரஞ்சினி சிரிக்கவில்லை. கையை வயிற்றிலிருந்து எடுக்கவுமில்லை.

மேட்டின் மேல் இரண்டு சிவப்பு மரத்தூண்கள், அவற்றின் தலையில் குறுக்குச் சட்டம். கதவு இல்லாத வாசல். உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கோயில். பின்னால் ஒற்றை மரம். ஆட்டு மந்தையின் ஈர நாற்றம்... அதற்குள்ளே எங்கோ ஊதுபத்தி மாதிரி ஒரு மணம். பற்றவைத்த பத்தி எதுவும் இல்லை.

கோயில் என்றதும் நம் கால் சும்மா இருக்குமா. மூன்று பேரும் தூணடியில் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றியது கழற்றியபடி, ஒன்று அங்கே ஒன்று இங்கே. பனி விழுந்த செம்மண் உள்ளங்காலைச் சுட்டது.

ரஞ்சினி இரண்டு தரம் கை தட்டினாள். கண்ணை மூடினாள்.

"இந்தப் பிள்ளை தங்கவேணும். தங்கினால் தூக்கிக்கொண்டு வந்து காட்டுறன்." கிளம்பும்போது, எந்தக் கோயிலிலும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதைத்தான் சொன்னாள்: "போட்டு வாறன்."

திரும்பி நாலு அடி வைத்திருப்பார்கள். பின்னால் கை தட்டும் சத்தம். இரண்டு தரம். காய்ந்த கை... மெலிந்த கை.

திரும்பிப் பார்த்தார்கள். மரம் மட்டும்.

தூணடியில் செருப்புகள் மூன்று சோடியும் வரிசையாக இருந்தன. நுனி ரோட்டைப் பார்த்தபடி, காலை நுழைத்தால் போகலாம் என்பதுபோல. ரஞ்சினியுடையதற்கும் ஜெயரட்ணத்துடையதற்கும் நடுவே மட்டும் நாலு விரல் இடைவெளி.

செருப்பை மாட்டிக்கொண்டு காருக்கு வந்தார்கள். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில்தான் கடைக்கார அம்மாள் சொன்னாள். அது சாமிக்கு வைத்ததில்லையாம். போர்க்காலத்தில் கைதி முகாமிலிருந்து தப்பி வந்த ஜப்பான்காரப் பையன் ஒருவன் அந்த மரத்தில் தொங்கினான். பல வருடம் கழித்து அவன் தாய் தேடி வந்து, அவனுக்காக வைத்தது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக இருந்தாளாம். போன குளிர்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரில் ஏறியபின் சடகோபன் சாவியைத் திருப்பவில்லை.

"ரஞ்சினி... கிளம்பறப்ப என்ன சொன்னீங்க?"

சொன்னாள்.

"சாவு வீட்ல அப்படிச் சொல்லக்கூடாதேம்மா. சொல்லாம எழுந்து வந்துடணும்."

"அது எங்களுக்கும் தெரியும்," என்றார் ஜெயரட்ணம். "செத்தவீடெண்டு ஆர் கண்டது? காரை எடுங்கோ."

மறுநாள் விடியற்காலை, ஃபிளாட்டில் ரஞ்சினிக்கு விழிப்பு வந்தது. கதவுக்கு வெளியே... கை தட்டும் சத்தம், இரண்டு தரம். திறந்தாள். இரவு கழற்றிப்போட்ட செருப்புகள் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நடுவே நாலு விரல் இடைவெளி.

அவள் அவற்றை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். பதினோராவது வாரம் அப்படியே கடந்தது. பிள்ளை தங்கிவிட்டது.

பெப்ரவரியில் பையன் பிறந்தான். நல்ல கொழுகொழு பிள்ளை.

"இஞ்சாருங்கோ, செருப்பு இன்னும் திரும்புது," என்று ஒரு நாள் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"நேர்த்தியெண்டா தீர்க்கவேணும். ஒருக்காப் போய்க் காட்டிப்போட்டு வருவம்."

"அந்த மரத்தடிக்கு என்ர பிள்ளையைக் கொண்டுபோக மாட்டன்."

அவர் பிறகு கேட்கவில்லை. அவளும் போகவில்லை. காலையில் எழுந்ததும் செருப்பைத் திருப்பி வைப்பது, பால் காய்ச்சுவதுபோல ஒரு வேலையாகிவிட்டது.

அடுத்த ஜனவரி. பையனுக்குப் பதினோரு மாதம். கதிரையைப் பிடித்து எழுந்து நிற்பான். கையை விட்டால் தொப்பென்று உட்காருவான். ஜெயரட்ணம் அவனுக்கு முதல் சப்பாத்து வாங்கி வந்தார், குட்டி நீல ஷூ. ரஞ்சினி அதை வாசலில் வைக்கவில்லை. பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி தலையணைக்கடியில்.

அன்று இரவும் வெக்கை. சிட்னியில் மூன்று வாரமாக ஒரு துளி மழை இல்லை.

விடியற்காலை, இரண்டு தட்டு.

பையன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. சாவி தலையணைக்கடியிலேயே இருந்தது. பிறகுதான் கதவைத் திறந்தாள்.

இரண்டு சோடிச் செருப்புக்கும் நடுவே இடைவெளி இல்லை. நீலச் சப்பாத்து அங்கே இருந்தது, நுனி படிக்கட்டைப் பார்த்தபடி.

எடுத்தாள். பனிக்கட்டி மாதிரி சில்லென்றிருந்தது. அடியில் ஈரச் செம்மண்... அடியும் நடந்து தேய்ந்திருந்தது.