மாடி வீட்டுக் குட்டியின் கை

— பத்து நாற்காலி போட்டிருக்கீங்க டாக்டரம்மா, ஒண்ணுல கூட ஆள் இல்ல. போன வாரம் வரைக்கும் இங்க நிக்க இடம் கிடைக்குமா?

— உங்களுக்கு உடம்புக்கு என்னக்கா? நான் பிள்ளைங்களுக்குத்தான் பார்ப்பேன்.

— எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். சும்மா எட்டிப் பார்க்கலாம்னு வந்தேன். என்னமோ போங்க, நீங்க லிஃப்டுல ஏறினா மத்தவங்க இறங்கிடறாங்களாமே?

— ஆமா, தனி லிஃப்டு. ராணி மாதிரி போறேன். இந்த வாரம் என்கிட்ட வாயைத் திறந்த முதல் ஆள் நீங்கதான்.

— பின்னே? மாடி வீட்டுக் குட்டியைக் குழந்தைகள் நல அதிகாரிங்க வந்து கூட்டிட்டுப் போனதுல இருந்து கட்டடமே கொதிக்குது. அப்பன் அடிக்கிறான்னு போன் பண்ணது நீங்கதானாம். “கைக்குக் கட்டுப் போட்டவளே காட்டிக் கொடுத்துட்டா, இனிமே பிள்ளைக்குச் சளின்னு போனாக்கூட போலீஸ் வரும்”ங்கிறாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நான் எங்க பேசறேன்! சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன், ஒரு நாலு வீட்டுல.

— குட்டி இப்போ எப்படி இருக்கா?

— பெரியம்மா வீட்டுல இருக்கா. நல்லா சாப்பிடறாளாம். யாராவது கதவைத் தட்டினா மட்டும் கட்டிலுக்கு அடியில போயிடறாளாம்... ஏன் டாக்டரம்மா, முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

— உள்ளதைச் சொல்லட்டுமா? அவங்க வீட்டுத் தரைதான் எனக்குக் கூரை. எல்லாம் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவேன். ஊர் வம்பெல்லாம் பேசற வாய், இதுக்கு மட்டும் திறக்கல. எனக்கு வராத தைரியம் உங்களுக்கு வந்துச்சு.

— அக்கா, போதும்.

— கேளுங்க. போன் பண்ணது நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, வீடு வீடாப் போய் நான் நம்ப வைக்கிறேன். நாளைக்கே கூட்டம் திரும்பிடும்.

— பொய்யே வேண்டாம்க்கா. நான் போன் பண்ணல.

— பண்ணலையா! அப்புறம் எதுக்கு வாயைத் திறக்காம இத்தனை பேச்சும் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?

— அவளை என்கிட்ட ரெண்டு தடவை கூட்டிட்டு வந்தாங்கக்கா. ரெண்டு தடவையும் அவ அப்பா, “படியில விழுந்துட்டா”ன்னார். குட்டி என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.