சேவல் சூப்பு கேட்ட பேய்

கொஞ்சம் வளைகாப்பு வளையல் சத்தத்தை நிறுத்துங்க கண்ணுகளா... புளிசாதம் வாசனை எனக்கும் வருது. அதுக்குள்ள ஒரு சின்னக் கதை இருக்கு, சொல்லிட்டு மேடைய விட்டு எறங்கிடறேன். அந்தச் செவுத்தோரம் நிக்கிற வீட்டுக்காரருங்களா, நழுவாதீங்க. கதையே உங்களுக்குத்தான்.

ஜெயசுதான்னு ஒரு பொண்ணு. ரெண்டாவது பிரசவம், மாமியார் வீட்டுல. நல்ல சித்திரை வெயிலு. கீழ தையல் போட்டிருக்கு, ஒரு பக்கமா சாஞ்சுதான் உக்கார முடியும். தண்ணி கேட்டா மாமியார் வெள்ளைத்தாயி அரை டம்ளர் குடுப்பாங்க. ஏன்? தண்ணி குடிச்சா பெத்த வயித்துல நீர் கோத்துக்குமாம். யார் சொன்னா? அவங்க மாமியார் சொன்னாங்க. அவங்களுக்கு யார் சொன்னா? அதெல்லாம் கேக்கப்படாது.

பால் குடுக்கிற பொம்பளைக்கு அரை டம்ளர் தண்ணி! மாட்டுக்குத் தொட்டி நெறைய ஊத்துறோம்... ஊத்துறோமா இல்லையா?

வர்றவங்க எல்லாம் பிள்ளையக் கொஞ்சுறாங்க, மூக்கு யார் ஜாடைன்னு பஞ்சாயத்து பண்றாங்க, காப்பி குடிச்சிட்டுப் போறாங்க. காப்பி போட்டது யாரு? தையல் போட்டவதான். பத்தாம் நாள் ஜெயசுதா அழ ஆரம்பிச்சா. காரணம் கேட்டா சொல்லத் தெரியல. பிள்ளையப் பாத்து அழறா, செவுத்தப் பாத்து அழறா. புருசன் காளிராஜ் என்ன செஞ்சாரு? டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாரு.

மாமியாருக்கு மட்டும் வெவரம் தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிற புளியமரத்துப் பேய் அடிச்சிருச்சு. கூப்பிடு பேயோட்டுற கோடாங்கிய.

கோடாங்கி சங்கிலிமுத்து உடுக்கையோட வந்தாரு. வந்தவரு உள்ள வரல. பிள்ள பெத்த வீடு, தீட்டுன்னு வாசப்படிக்கு வெளியவே உக்காந்துட்டாரு. பேய்க்குப் பயமில்லாத மனுசன்... தீட்டுக்குப் பயம். அங்கேருந்தே உடுக்கைய அடிச்சுக்கிட்டு கேட்டாரு.

"யாரு நீ? உனக்கு என்ன வேணும்?"

ஜெயசுதாவுக்கு அழுகை நின்னுபோச்சு. ஏன் தெரியுமா? கல்யாணமாகி ஆறு வருசத்துல என்ன வேணும்ங்கிற கேள்விய அவகிட்ட யாரும் கேட்டதில்ல.

மெதுவா கொண்டைய அவுத்து விட்டா.

"தண்ணி வேணும்."

எவ்வளவுன்னு கோடாங்கி கேட்டாரு. ஒரு கொடம்னா. வெள்ளைத்தாயி ஓடிப்போய் கொண்டாந்தாங்க. மருமகளுக்கு அரை டம்ளர்... பேய்க்கு ஒரு கொடம்.

வேற என்ன வேணும்? படுக்கணும், யாரும் எழுப்பக் கூடாது. பிள்ள பால் குடிச்சதும் இவன் தோள்ல போட்டுத் தட்டணும்னு காளிராஜைக் காட்டுனா. துணி அலசுறதும் இவன்தான். இவன் இவன்னு புருசனப் பேசுற ருசிய அன்னைக்குத்தான் பாக்குறா. அந்தாளு ஓடிவந்து பிள்ளையத் தூக்குனாரு.

கோடாங்கிக்கே கொழப்பம். அவர் பாத்த பேயெல்லாம் சுருட்டு கேக்கும், சாராயம் கேக்கும். இது ஓய்வு கேக்குது. "சேவல் வேணாமா?"ன்னு இழுத்தாரு.

"வேணும். சூப்பு வெச்சு."

எப்போ போவேன்னு கேட்டாரு. தையல் ஆறட்டும், மனசும் கொஞ்சம் ஆறட்டும், நானே போறேன்னுட்டு போத்திப் படுத்துட்டா.

ஒரு வாரம் போச்சு. தண்ணி, தூக்கம், சூப்பு... பொண்ணு மொகத்துல களை வந்துச்சு. ஒரு மத்தியானம் வெள்ளைத்தாயி பக்கத்துல வந்து உக்காந்து காலைப் பிடிச்சு விட்டாங்க. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாங்க.

"ஏண்டி... காளிராஜ் பொறந்தப்ப எனக்கு ஏன் இந்தப் பேய் வரல?"

...

அவங்களுக்குத் தெரியும்மா, அது பேய் இல்லைன்னு. உடுக்கை அடிச்ச அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. அவங்களும் அரை டம்ளர் தண்ணியில கெடந்தவங்கதான். அழுதப்ப அவங்களை யாரும் ஏன்னு கேக்கல.

இப்போ நீங்க சொல்லுங்க. அந்தப் பேய் என்ன தங்கத்தையா கேட்டுச்சு? பேய் கேட்டா குடுப்போம், பிள்ள பெத்தவ கேட்டா "நாங்கல்லாம் பெக்கலையா"ம்போம். இதுல பேய் பிடிச்சது யாருக்கு?

கண்ணுகளா, பிரசவமாகி மொத சில நாள் அழுகை வரும், அது உங்க தப்பில்ல. ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கலைன்னா, பிள்ளையத் தூக்கவே மனசு வரலைன்னா, டாக்டர்கிட்ட போங்க. உங்க உசுரு, பிள்ள உசுரப் பத்தித் தப்பு தப்பா நெனப்பு வந்தா அன்னைக்கே போங்க, நாள் எண்ணாதீங்க.

செவுத்தோரத்து ஐயாமாரே... வீட்டுக்குப் போய் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து கேளுங்க. "உனக்கு என்ன வேணும்?" மூணே வார்த்தை. உடுக்கை தேவையில்ல. கேட்டுட்டு டிவியப் பாக்காதீங்க... அவ சொல்றதைச் செய்யுங்க.