சந்தனம் வெச்ச பேரிங்

…அதத்தாங்க பாய் நானும் சொல்றன், பெயிண்டப் பாத்து மயங்கிடாதீங்க. பெயிண்டு யாரு வேணா அடிக்கலாம். சக்கரத்தக் கழட்டிப் பாக்கணும்னு கேட்டீங்க பாருங்க, அது கேள்வி! இதுக்கு முன்ன வந்தவங்கெல்லாம் உள்ள எத்தினி பேரு படுக்கலாம், பேன் ஓடுமா, இதத்தான் கேட்டாங்க. நதீம் பாய் தர்மபுரியில சமோசாக் கடை வெச்சிருக்காருன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னப்ப, சமோசாக்காரருக்கு இந்த மாதிரி இழுத்துக்கிட்டுப் போற பலகாரக் கடை டிரெய்லரப் பத்தி என்னாத் தெரியப்போவுதுன்னு நெனச்சன். தப்புங்க. தப்பு எம்மேலதான்.

அவரு பாப்பிரெட்டிப்பட்டி பஜாருக்கு ஆர்சி புக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு. போறப்ப சொல்லிட்டுப் போறாரு, "சுகுணா, பாய் வந்தா வண்டியக் காட்டு, பேசாத"ன்னு. நான் என்னாங்க பேசறன்? கேட்டதுக்குப் பதில் சொல்றன். அதுகூட பேச்சுன்னா எப்புடிங்க? விக்கட்டும். எனக்கென்னா? இது ராசியில்லாத வண்டின்னு முடிவு பண்ணிட்டாரு. போன தடவ ஏரியூரு திருவிழாவுக்குப் போறப்ப இடது பக்கம் பேரிங்கு எரிஞ்சி பொக வந்துச்சிங்க. மெக்கானிக்கு வந்து மாத்திக் குடுத்தாரு. இப்ப வலது பக்கமும் கரகரன்னு சத்தம். புதுப் பேரிங்கு வாங்கி வெச்சே ரொம்ப நாளாச்சி, மாத்தவே இல்ல. விக்கற வண்டிக்கு எதுக்குன்னுட்டாரு.

சரி, ஜாக்கி அந்தப் பொட்டியில இருக்குது, எடுங்க. எனக்கு இடுப்புப் புடிச்சிருக்குது, இல்லாட்டி நானே… ஐயோ, எடுத்தவொடன ஏத்தாதீங்க பாய்! மொதல்ல அந்த இடது பக்கத்துச் சக்கரத்துக்கு முன்ன ஒரு கல்லு, பின்ன ஒரு கல்லு அண்டக் குடுங்க. நல்லா ஒதச்சி வுடுங்க. ஆங்.

இந்தக் கல்லு வெக்காம ஒருக்கா என்னா ஆச்சி தெரியுங்களா? தீர்த்தமலைத் தேருக்குப் போயிருந்தோம். நான் உள்ள நின்னு தட்டுவடைக்கி நடுவுல காயும் சட்னியும் வெச்சி செட்டுப் போட்டுக்கிட்டு இருக்கறன். இவரு என்னமோ சத்தம் கேக்குதுன்னு ஜாக்கிய வெச்சி ஏத்திட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. வண்டி மெதுவா நவுந்துச்சிங்க. எனக்குத் தெரியவே இல்ல! ஜன்னலுக்கு வெளிய ஒருத்தரு தட்ட நீட்டிக்கிட்டு நிக்கறாரு, நான் கார சட்னி வெக்கறன், அவரும் கூடவே நடந்து வராரு. என்னாடா இந்த மனுசன் நின்ன எடத்துல நிக்க மாட்டேங்கறாருன்னு பாத்தா, பக்கத்துல வளையல் கடை வந்துருச்சி! அந்தக் கடைக்காரி குள்ளம்மாள் போட்ட சத்தத்துல தேரே நின்னுருக்கும். வளையலு ஒண்ணும் ஒடையலீங்க, சட்னிதான் போச்சி. சிரிக்காதீங்க, அன்னிக்கி எண்ணெ காஞ்சிக்கிட்டு இருந்துச்சி. நான் பொழச்சது பெரிசு. அதான், உள்ள ஆள வெச்சிக்கிட்டு ஏத்தவே கூடாது.

வண்டிக்கி முன்னால இருக்கற தாங்குகால் நல்லா ஊனியிருக்குதான்னு பாருங்க. ஆடுதா? ஆடல. இப்ப நட்டுங்கள லேசா நெவுத்தி வெச்சிக்கங்க, முழுசாக் கழட்டாதீங்க. தரையில இருக்கறப்பவே நெவுத்தணும், தூக்குன பின்னால சக்கரம் கூடவே சுத்தும். ம்… ஏறி மிதிங்க ஸ்பேனர. வெயிட்டு பத்தாதுங்க உங்களுக்கு. சமோசா விக்கறவரு சாப்புடறது இல்லையா?

ஜாக்கிக்கி அடியில பலகையப் போடுங்க. இது ஏருழுவுற மண்ணு, ஜாக்கி கீழ எறங்கும், வண்டி மேல ஏறாது. அச்சு நடுவுல வெக்காதீங்க, அது வளஞ்சிக்கும். சட்டம் இருக்குது பாருங்க, அச்சுக்குப் பக்கத்துல, கெட்டியான எடம்… அதான். இப்ப அடிங்க. தரைய வுட்டு எழும்புச்சின்னா போதும். அந்தப் புளிய மரத்துக் கட்டைங்கள சட்டத்துக்கு அடியில குடுங்க. ஒக்காந்துச்சா? ஆட்டிப் பாருங்க. ஜாக்கிய நம்பி அடியில தலைய வுடறது ஆகாதுங்க.

எங்க வுட்டன்? ஆங், விக்கறது. நீங்க நட்டக் கழட்டுங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கறன்.

எனக்கு வருத்தமே இல்லைங்க பாய். இருந்தாலும் ஒண்ணு. எங்க வூட்டுக்காரரு முனிராஜு தங்கமான மனுசன். ஆனா பேச்சுன்னு பாத்தா, காத்தால "டீ", மத்தியானம் "சோறு", ராத்திரி "கதவ சாத்து". அவ்ளோதான். கலியாணமான புதுசுல ஊமையோன்னு பயந்துட்டன். இந்த வண்டி வந்த பின்னாலதாங்க எனக்கு உசுரு வந்துச்சி. ஒகேனக்கல்லு, ஏரியூரு, தீர்த்தமலை, எங்க போனாலும் ஜன்னலத் தொறந்தா நாலு மொவம். இவங்க மவள எங்க குடுத்திருக்குது, அவங்க மாடு என்னா கன்னு போட்டுச்சி, எல்லாம் எனக்குத் தெரியும். வண்டி போச்சின்னா செவுத்தப் பாத்துத்தான் பேசணும். அது ஒண்ணுதான். மத்தபடி எனக்கு வருத்தமே இல்ல.

சக்கரம் வந்துருச்சா? அந்தாண்ட சாச்சி வெய்யுங்க. இப்ப நடுவுல தொப்பி மாதிரி ஒண்ணு இருக்குது, அத ஸ்க்ரூ டிரைவரால சுத்தித் தட்டுனா கழண்டுக்கும். மெதுவா. நெளிச்சிட்டா தண்ணி பூந்துரும்… வந்துச்சா? ஏன் அப்புடிப் பாக்கறீங்க? கருப்பாத்தான இருக்கும்… மஞ்சளா? கிரீசு எங்கங்க மஞ்சளா… தள்ளுங்க, நான் பாக்கறன்.

அட.

பாய், இது சந்தனங்க. சந்தனம்! குங்குமப் பொட்டு அப்புடியே இருக்குது பாருங்க, அழியக்கூட இல்ல!

இருங்க… வயிறு வலிக்குது… சிரிச்சிச் சிரிச்சி… இருங்க சொல்றன். ஆயுத பூஜை. ரெண்டு பக்கமும் பேரிங்கக் கழட்டி சீமெண்ணெயில போட்டு வெச்சிருந்தாரு. நான் பாத்தன், சாமிக்கி வெக்கற சாமான், அழுக்கா இருக்கலாமான்னு, புளி போட்டு, சபீனா போட்டு, குத்துவெளக்கு தேய்க்கற மாதிரி தேச்சன். என்னாமா மின்னுச்சி தெரியுங்களா! தாம்பாளத்துல வெச்சி, சந்தனம் பூசி, பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டி… மறுநாளு அவரு எடுத்து மாட்டுனாரு. நான் கேட்டனே, தொடச்சிட்டு மாட்டுங்கன்னு. "பூஜையில வெச்சதத் தொடைக்கக் கூடாது"ன்னாரு. அன்னிக்கிதான் அதிசயமா ஒரு முழு வாக்கியம் பேசுனாரு! நான் அந்த சந்தோசத்துல வுட்டுட்டன். கிரீசு அவரு வெச்சிருப்பாருன்னு நான், நான் வெச்சிருப்பன்னு அவரு.

அப்பறம் எரியாம என்னாங்க பண்ணும்? வண்டிக்கி ராசி இல்லையாம்! சந்தனத்துலயே இவ்ளோ தூரம் ஓடியிருக்குதுங்க பாய், இத விட ராசியான வண்டி இந்த ஜில்லாவுல உண்டா?

அந்தப் பூட்டுப் பின்ன உருவி, நடு நட்டக் கழட்டி, பழசத் தூக்கிப் போடுங்க. உள்ள சுத்தமாத் தொடைங்க, துணி இந்தாங்க. புதுப் பேரிங்கு இது. கிரீச உள்ளங்கையில எடுத்துக்கங்க, பேரிங்க அதுல அழுத்துங்க, இந்தப் பக்கம் அழுத்துனா அந்தப் பக்கம் பிதுங்கி வரணும். இன்னும். வஞ்சன பண்ணாதீங்க. உள்பேரிங்கு மொதல்ல, அப்பறம் வெளிப்பேரிங்கு. நடு நட்ட இறுக்கிட்டு ஒரு துளி நெவுத்துங்க, இல்லாட்டி சூடாயிரும். பூட்டுப் பின்னப் போட்டு மடக்குங்க. தொப்பியத் தட்டுங்க. சக்கரத்த மாட்டுங்க.

இப்ப சுத்துங்க. கைய எடுத்துருங்க.

…

பாத்தீங்களா? சுத்துது, சுத்துது, சத்தமே இல்ல. நான்கூட வாய மூடிக்கிட்டுக் கேட்டன் பாருங்க.

பாய், ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. இந்த வண்டியக் குடுக்க மாட்டன். எனக்கு மனசே இல்லைங்க. மனசு எப்பவுமே இல்ல, வாய்தான் என்னென்னமோ சொல்லுச்சி. நீங்க நல்ல மனுசரு, உங்களுக்கு வேற நல்ல வண்டியா நானே விசாரிச்சிச் சொல்றன், ஊரெல்லாம் ஆளு தெரியும் எனக்கு. போறதுக்கு முன்ன கட்டைய எடுத்து, ஜாக்கிய மட்டும் எறக்கி… ஆங், மெதுவா… நட்டுங்கள எதுரும் புதுருமா இன்னொருக்கா இறுக்கி… அவ்ளோதான்.

எங்க கெளம்பிட்டீங்க? கை பூரா கிரீசு, கழுவிட்டுப் போங்க பாய். டீ வெக்கறன். பாய்… அட, பைக்க ஸ்டார்ட்டே பண்ணிட்டாரு.

வாங்க வாங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு இப்பத்தான் வரீங்களா? ஆமா, எதுக்க போறாரே, அவருதான். வந்தாரு, சக்கரத்தக் கழட்டியே பாத்துட்டாரு. வண்டி புடிக்கலையாம். என்னாங்க பண்றது, நம்மகிட்டயே இருந்துட்டுப் போவுது.