பைய இறக்கு

எழுபத்தொன்பது டிசம்பரில் ஒருநாள், திருச்செந்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படிப்பவர், லீவில் வந்திருக்கிறார். மற்றவர் அவருடைய பழைய சேக்காளி.

“ஏலே, பைய இறக்குன்னு சொன்னா மெட்ராஸ்காரன் என்ன செய்வான்?” என்று அமெரிக்காக்காரர் கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது.

“மேல இருக்க பைய எடுத்துக் கீழ வைப்பான். மெதுவா இறக்கச் சொல்லுதோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“அதேதான் நடந்துட்டு. மிசின்ட்ட நாம சொல்லுதத வாங்கிச் செய்ய ஷெல்லுன்னு ஒண்ணு உண்டு.”

“சிப்பியா?”

“பேரு அதான். எங்க மிசின்ல ஒரு ஷெல், பக்கத்து காலேஜ் மிசின்ல வேற ஷெல். ‘மிசினுக்குள்ள இன்ன எடத்துக்குப் போயி அங்கன கெடக்க குப்பைய அழி’ன்னு எழுதி, அந்தக் காலேஜ்ல படிக்க ஒரு பிள்ளைட்ட குடுத்தேன். நான் எடத்தச் சொன்ன வார்த்தைக்கு அந்த ஷெல்லுல வேற அர்த்தம். புரியலன்னு ஒரு சத்தமும் குடுக்கல. எடம் தெரியாம அந்தப் பிள்ளையோட சொந்த எடத்துக்கே போயி, அவ ஆராய்ச்சி பூராத்தையும் அழிச்சிட்டு.”

“உன்னைய ஏசிருப்பாளே?”

சாகுபுரத்தில் பஸ் நின்று கிளம்பியது.

“இல்லல. தான்தான் என்னமோ தப்பாத் தட்டிட்டோம்னு நெனச்சுட்டா. ‘நல்லா எழுதிக் குடுத்தத நான் கெடுத்துட்டேன்’னு என்ட்ட மன்னிப்பு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“பரவாயில்லன்னு சொன்னேன்.”