விடாதே, நடிக்கிறான்!

...அதத்தாங்க நானும் கேக்கறேன்! கழுத்தப் புடிக்கறதும் துப்பாக்கியால சுடறதும் ஒண்ணா? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற கதையால்ல இருக்கு! நீங்க பேசாதீங்க. ஐயோ, பேசாதீங்க! கழுத்து வலிக்குன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா, தாடையில தோல் வாரக் கட்டி, கயித்துல எடையத் தொங்கவிட்டு இழுத்துக்கிட்டிருக்கு, எப்படிப் பேசுவீங்க? எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அப்புறம் அந்தக் கட்டில்ல நான்தான். அதுவரைக்கும் இந்த ஸ்டூல்தான் நமக்கு சிம்மாசனம்.

என் கழுத்துல இருக்கற இந்தப் பட்டையப் பாருங்க. குனிய முடியல, திரும்ப முடியல. பின்னாலேர்ந்து யாராவது கூப்பிட்டா பஸ் திரும்பற மாதிரி மொத்தமாத் திரும்பணும். செருப்புகூட சம்சாரம்தான் மாட்டிவிடறா. மாட்டிவிட்டு சும்மா போறாளா? "ஊர்ல உள்ளவன் கழுத்தையெல்லாம் புடிக்கக் கத்துக்குடுத்தீங்க, இப்ப உங்க கழுத்து உங்க பேச்சக் கேக்கல"ங்கறா. வாய்க்கு ஒரு பட்டை இருந்தா வாங்கிட்டுப் போகலாம்னு பாக்கறேன்.

இருங்க, இருங்க. அந்த வாரு உங்க தாடைய ரொம்ப இறுக்குதே! சிஸ்டர் எங்க, டீ குடிக்கப் போயிருக்கும். நான் கொஞ்சம் எறக்கி விடறேன். அட, கூச்சப்படாதீங்க! கழுத்து விஷயம் எனக்கு அத்துப்படி... ம்ம். அவ்வளவுதான். சௌகரியமா இருக்கா? இருக்கும், இருக்கும்.

நான் யாருன்னே சொல்லலையே. போலீஸ் பயிற்சிப் பள்ளியில வாத்தியாருங்க. சட்டம் சொல்லிக்குடுக்கற வாத்தியார் இல்ல, புடி சொல்லிக்குடுக்கற வாத்தியார். எல்லாரும் மாஸ்டர்ம்பாங்க. பின்னாலேர்ந்து போயி, இந்த முன்னங்கைய அவன் கழுத்தச் சுத்திக் கொண்டுவந்து, அந்தக் கையால இதப் பூட்டி... பயப்படாதீங்க, காத்துலதான் காட்டறேன்! இதுக்குப் பேரு கழுத்துப்பிடி. ரத்தம் இல்ல, எலும்பு முறியாது, சட்டை பட்டன்கூடத் தெறிக்காது. குடிச்சுட்டு ஆறடி ஆளு ஒருத்தன் தெருவுல கூத்தடிக்கறான்னு வைங்க. எதிர்ல எங்காளு புடலங்கா மாதிரி நிக்கறான். என்ன பண்ணுவான்? "ஐயா, தயவுபண்ணி வண்டியில ஏறுங்க"ன்னு கும்புடுவானா? இந்தப் பிடியும் இல்லேன்னா தடியத் தூக்குவான். தடி தேவலையா, என் கை தேவலையா?... பேசாதீங்கன்னேன்ல!

நல்லாத்தான் போயிட்டிருந்துது. எங்கயோ ஒரு தச்சு வேலைக்காரரு, வண்டிய நிறுத்தற எடத்துக்காகத் தகராறு, எங்காளு ஒருத்தன் புடிச்சிருக்கான்... போயிட்டாரு. ஆமா. போயே போயிட்டாரு. துள்ளினாராம். ரொம்பத் துள்ளினாராம். விசாரணையில அந்தப் பையன் சொல்லியிருக்கான், "நடிக்கறார்னு நெனச்சேன்"னு. அதுக்கு நான் என்ன பண்றதுங்க? ஊர்ல கத்தி செய்யறவன் எல்லாம் கொலைகாரனா? விட்டுருவோம் அத.

இந்தப் பிடி வேணுமா வேண்டாமான்னு பாக்க உடனே போட்டாங்க ஒரு குழு, என்னையும் கூப்பிட்டாங்க. ஒரு ரிட்டயர்டு நீதிபதி, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கறதுல கெட்டிக்காரரு. ஒரு டாக்டரு. அப்புறம் ஒரு வக்கீலம்மா, மூக்கு நுனியில கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மேலயே பாக்கறாங்க, அப்புறம் கண்ணாடி எதுக்குன்னு எனக்குப் புரியல. அந்தம்மா சொல்றாங்க, கழுத்துப்பிடிய உயிரப் பறிக்கக்கூடிய பலப்பிரயோகம்னு வகைப்படுத்தணுமாம். துப்பாக்கி இருக்கற அதே வரிசையில! தன் உயிருக்கோ அடுத்தவன் உயிருக்கோ ஆபத்துன்னாதான் தொடணும், தொட்டா சுட்டதுக்குச் சொல்ற மாதிரி பதில் சொல்லணும். எனக்கு வந்துது பாருங்க கோவம்! "அம்மா, இது தாலாட்டும்மா! ஆளு ரெண்டு நிமிஷம் அசந்துருவான், எந்திரிச்சா பொட்டிப்பாம்பு"ன்னேன்.

அந்தம்மா கண்ணாடிக்கு மேல பாத்து, "தாலாட்டுன்னா நீங்களே ஒரு தடவ தூங்கிக் காட்டுங்களேன்"ன்னுட்டாங்க.

விடுவேனா? என் மாணவன் ஒருத்தன் வந்திருந்தான். உடும்புன்னு பேரு. வச்சது நான்தான். புடிச்சா விடமாட்டான், தங்கமான பையன். வாடான்னேன். நாற்காலியப் போட்டு நடுவுல உக்காந்தேன். உக்காந்து வாயி சும்மா இருந்திருக்கலாம். வாயிலதான சனி! "இப்ப நான் துள்ளுவேன், கால உதைப்பேன், தட்டுவேன். யாரும் ஏமாந்துடாதீங்க. புடிபட்டவன் எல்லாருமே இப்படித்தான் நடிப்பான்"னு பிரசங்கம் பண்ணிட்டு, ஆரம்பிடான்னேன்.

மொதல்ல ஒண்ணுமில்ல. சால்வ போத்தின மாதிரி இருந்துது. அப்புறம் காதுக்குள்ள 'ஙொய்'ன்னு ஒரு சத்தம். நீதிபதியோட தலை ரெண்டாத் தெரியுது. சரி, போதும்னு அவன் கையில தட்டறேன். எங்க பள்ளியில அதான் சைகை, தட்டினா விடணும். விடல. பலமாத் தட்டறேன். காதுகிட்ட வந்து மெதுவாச் சொல்றான், "பிரமாதமா நடிக்கிறீங்க மாஸ்டர்!" உதைக்கிறேங்க! நாற்காலி ஆடுது! நீதிபதி முழிச்சு கைதட்டறாரு!

அந்த வக்கீலம்மாதான் எந்திரிச்சு ஓடிவந்து, ஜக்குல இருந்த தண்ணிய உடும்பு மூஞ்சியில கொட்டி என்ன உருவி எடுத்தாங்களாம். நான் முழிச்சப்போ தரையில கெடக்கறேன். பேண்டெல்லாம் ஈரம். ஜக்குத் தண்ணின்னு வச்சுக்குங்க.

உடும்பு ஓன்னு அழுவறான். "நீங்கதானே மாஸ்டர் சொல்லிக்குடுத்தீங்க! துள்ளறான்னா நடிக்கிறான், விடாதேன்னு!" என்னத்தச் சொல்ல? சொல்லிக்குடுத்தேன்தான். ஒவ்வொரு வகுப்புலயும் மொத நாளே சொல்லுவேன். மூச்சு முட்டறவனும் அப்படித்தான் துள்ளுவான்னு எனக்கு யாருங்க சொன்னாங்க? என் வாத்தியார் எனக்குச் சொல்லல, அவரோட வாத்தியார் அவருக்குச் சொல்லல.

இப்ப இன்னிக்கு சாயந்தரம் குழு மறுபடி கூடுது. அந்தப் பிடியக் கத்துக்குடுத்ததும் நான்தான், மாட்டிக்கிட்டதும் நான்தான், அதனால என் வார்த்தைய வச்சுதான் முடிவாம். ஆபத்துன்னு நான் சொல்லிட்டா என் வகுப்ப இழுத்து மூடிருவாங்க. இத்தன வருஷம் சொல்லிக்குடுத்தது எல்லாம்... அதனால முடிவு பண்ணிட்டேன். பிடியில தப்பில்ல, உடும்பு தப்பாப் புடிச்சுட்டான், அவ்வளவுதான். பையன் பாவம்தான். சின்ன வயசு, வேற வேல பாத்துக்குவான். என்ன சொல்றீங்க?

பாத்தீங்களா, நீங்களே கட்டில்ல தட்டறீங்க! ஆமாங்கறீங்க. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ரொம்ப நேரமாத் தட்டிக்கிட்டிருக்கீங்க. நம்ம பேச்சுக்கு இப்படித் தாளம் போடற ஆளக் கண்டு எத்தன நாளாச்சு! சம்சாரம்னா இந்நேரம் எந்திரிச்சுப் போயிருப்பா.

கால எதுக்கு உதைக்கறீங்க? கட்டில் ஆடுதுல்ல! முகமெல்லாம் செவந்து போச்சு, என்மேல கோவமா? நல்லாத்தாங்க நடிக்கிறீ...

...ஐயோ.

ஐயையோ! சிஸ்டர்! சிஸ்டர்! அந்த எடையத் தூக்குங்க! வாரு தாடையில இல்ல, தொண்டையில இருக்கு! இருங்க, இருங்க, இதோ அவுத்துட்டேன்... அவுத்துட்டேன்! மூச்சு விடுங்க. மெதுவா. இன்னொண்ணு. தண்ணி கொண்டாங்க சிஸ்டர்!... நான்தாங்க எறக்கினேன். கைவச்சு நானேதான் எறக்கினேன். நீங்க தட்டினீங்க. எத்தன தடவ தட்டினீங்க! நான் தாளம்னு...

எங்கங்க போறீங்க? சட்டைய மாட்டிக்கிட்டாவது போங்க! ஒரு செருப்ப விட்டுட்டுப் போறீங்களே! ஐயா!...

போயிட்டாரு. நடந்து போயிட்டாரு, அது போதும்.

கட்டில் காலியாத்தான் இருக்கு சிஸ்டர், தெரியுது. எனக்கு இன்னிக்கு வேணாம். அந்த வார என் கிட்டக் கொண்டாராதீங்க. ஒரு போன் போடணும், வக்கீலம்மாவுக்கு. உடும்பு மேல தப்பில்ல, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே சுத்தமாப் புடிச்சான்னு சொல்லணும். அந்தப் பிடியத் துப்பாக்கிக்குப் பக்கத்துலயே வைங்கன்னு சொல்லணும். துப்பாக்கின்னா சத்தமாவது கேக்கும்...

என்ன அப்படிப் பாக்கறீங்க? கண்ணு தன்னால கலங்குது, நான் என்ன பண்ண? நான் நடிக்கல சிஸ்டர்.