பத்துன்னா பத்துதான்

பஸ்ஸுக்குப் போனாலும் பல் வைத்தியரிடம் போனாலும் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்கிற ஆள் நான். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். குத்துச்சண்டை மேடையின் ஓரத்தில் முப்பத்தோரு வருஷமாகக் கடிகாரமும் மணியுமாக உட்கார்ந்திருக்கிறவன் வேறு எப்படி இருப்பான்?

உங்கள் ஆண்டுமலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: 'ஹெவிவெயிட் குத்துச்சண்டை மறுபடி தலைதூக்க ஒரு புது நட்சத்திரம் தேவையா?' தேவை. என்னைவிட அதை நன்றாக உணர்ந்தவர்கள் இருக்க மாட்டார்கள். எப்படி உணர்ந்தேன் என்பதை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் அரங்கம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்நூறு நாற்காலியில் அறுபது பேர். அதில் பாதிப் பேர் சண்டை போடுகிறவர்களின் சொந்தக்காரர்கள். எடை குறைந்த பிரிவுகளுக்காவது நாலு பேர் விசில் அடித்தார்கள். ஹெவிவெயிட் மேடை ஏறியதும் கூட்டம் எழுந்து வெளியே போகும். "ரெண்டு பீரோ கட்டிப்பிடிச்சு நிக்குது, இதுக்கு டிக்கெட் வேறயா?" என்பார் வாசலில் டீ விற்பவர். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது என் தாயைத் திட்டியது போல இருக்கும்.

அப்போதுதான் 'பீரங்கி' வந்தான். இருபத்திரண்டு வயது, நூற்றுப் பதினைந்து கிலோ, சிரித்தால் கன்னத்தில் குழி. போஸ்டருக்காகவே செய்த முகம். ஆனால் ஜெயித்ததெல்லாம் புள்ளிக் கணக்கில். புள்ளிக் கணக்கை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

ஒரு நாள் அவன் சண்டைக்கு முன் கைகழுவுகிற இடத்தில் ஏற்பாட்டாளர் என் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு இவன் ஒருத்தனைப் படுக்க வைக்கணும்யா. இல்லேன்னா சேனல்காரன் கேமராவைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் இந்த அரங்கத்துல கட்டில், மெத்தைதான் விக்கணும்." அவர் புலம்பினார், அவ்வளவுதான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாருமே என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எதிராளி, என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை. மேடையில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவரைக் கீழே தள்ளியதில்லை. அதுதான் அவருக்குக் கடைசிச் சண்டை. அடுத்த வாரம் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையில் சேர வேண்டியவர். சீருடை தைத்து வந்துவிட்டது.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி. ஒரு சுற்று மூன்று நிமிஷம். முடியும்போது மணி அடிக்க வேண்டும். முடிவதற்குப் பத்து விநாடி இருக்கையில் இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்ட வேண்டும். அது எச்சரிக்கை மட்டும்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாப்பிள்ளை மட்டும் எடுத்துக்கொள்வார். கட்டைச் சத்தம் கேட்டதும் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பார். பத்து வந்ததும் மணிக்குக் காத்திராமல் கையை இறக்கிவிட்டுத் தன் மூலைக்குத் திரும்புவார். நான் அடிக்கிற மணி அவர் முதுகில்தான் விழும்.

சாப்பாட்டு மேஜையில் இது ஓயாத சண்டை.

"மணி கேட்காம கையை இறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பாள் தங்கை.

"மணி யார் கையில இருக்கு? உங்க அண்ணன் கையில. உலகத்துல எந்தக் கடிகாரம் தப்பினாலும் மச்சான் தப்ப மாட்டார். பத்துன்னா பத்துதான்."

"அண்ணா, நீயாவது சொல்லேன்."

நான் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றிக்கொள்வேன். பெருமையாக இருக்கும்.

அன்று ஐந்தாவது சுற்றில் ஒரு விநாடி முந்திக் கட்டையைத் தட்டினேன். கை தவறவில்லை. என்ன ஆகிறது என்று பார்த்தேன். அவர் கைகள் ஒரு விநாடி முந்தி இறங்கின. பீரங்கி கவனிக்கவில்லை. ஆறாவது சுற்று முழுக்க யோசித்தேன். விழாத மனிதர் ஒரு முறை விழுந்து எழுந்தால் என்ன குறைந்துவிடும்? நாளைக்கு அவர் பேருந்து ஓட்டப் போகிறவர். இவனுக்கோ இனிமேல்தான் வாழ்க்கை. இந்த விளையாட்டுக்கும் அப்படித்தான். கேமராக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாவது சுற்றில் நான்கு விநாடி முந்தித் தட்டினேன்.

அவர் பத்து வரை எண்ணினார். கைகளை இறக்கினார். மூலையைப் பார்த்துத் திரும்பினார். பீரங்கிக்கு நான்கு விநாடி மிச்சம் இருந்தது. அவனுக்கு ஒன்று போதுமானதாக இருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட அடிதான், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். கை தட்டினேனா என்பது எனக்கு நினைவில்லை. பிறகு பதிவில் பார்த்தேன். தட்டியிருக்கிறேன்.

விசாரணைக் குழு பதிவை வைத்து அளந்தது. மூன்று நிமிஷத்துக்கு என் மணி ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னைப் பாராட்டி அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்கள். கட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கக் காரணமும் இல்லை. அந்த அரங்கத்தில் கட்டையிலிருந்து எண்ணுகிறவர் ஒருவர்தான். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார்.

உங்கள் கேள்விக்கான பதில் ஊர் முழுக்கச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. இன்றைக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. டீக்காரர் இரண்டு ஆள் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஒளிபரப்புக்கு முன்னாலும் அந்த ஒரு குத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். நான் தலையைக் குனிந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு இடது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. சீருடை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "நான்தான்... வேகமா எண்ணிட்டேன் மச்சான்" என்கிறார். தங்கையும் அதையே சொல்லித்தான் அவரைத் திட்டுகிறாள், திட்டிவிட்டு அழுகிறாள். இனிமேல் தப்பக் கூடாது என்று அவர் தினமும் எண்ணிப் பழகுகிறார். எதற்காக என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என் கடிகாரத்தோடு போய் எதிரே உட்கார்ந்து சரிபார்ப்பேன். அதையாவது அவருக்குச் செய்ய முடிகிறதே என்று ஒரு சின்ன நிம்மதி.

நேற்றும் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். அதற்காகவே இதை முதலில் உங்களுக்கு எழுத ஆரம்பித்தேன். தங்கை சமையலறைக் கதவோரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் மேஜையைத் தட்டினேன். அவர் கண்ணை மூடி, உதடு அசைய, நிதானமாக எண்ணினார். "பத்து" என்று கண் திறந்தபோது என் கடிகார முள் பத்தில் நின்றது, மயிரிழை பிசகாமல்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் முந்திட்டீங்க மாப்பிள்ளை" என்றேன்.