மாடி அறையின் பாலிசி

— கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டுங்க சிஸ்டர். போட்டுட்டுக் கெளம்புறேன். நாலு மணிக்கு ட்ரெயினு.

— இருங்க ஜோதிலிங்கம் அண்ணே. திண்டிவனத்துல இருந்து ரெண்டு நாளா ரயில்ல வந்திருக்கிய. இப்பதானே மணி பதினொண்ணு. மொதல்ல இந்தச் சாயாவைக் குடிங்க.

— இப்ப வேணாம். இந்த வூட்டுக்குள்ள கால் வச்சதுலேர்ந்து மூக்குல புகை வாடை.

— தீப் பிடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. மாடி அறையை நாலு தடவை கழுவி விட்டாச்சு. போக மாட்டேங்குது. போன வாரம் மழை பெஞ்சப்ப இன்னும் கூடுதலா வந்துது, பாத்துக்கிடுங்க.

— காயிதத்துல இன்னா எழுதியிருக்கு? முழுக்க இங்கிலீஷா இருக்குது. பாப்பா இருந்தா படிச்சிச் சொல்லும்.

— பெருசா ஒண்ணுமில்ல. சொல்லுதேன். நீங்க சொல்லுத மாதிரி எழுதியிருக்கு: நான் இளவரசியோட அப்பா. என் மக டெல்லி முனிர்காவுல மரியபுஷ்பம் வீட்டு, அதான் இந்த வீட்டு மொட்டைமாடி அறையில வாடகைக்கு இருந்தா. ஜனவரி மாசம் ஞாயித்துக்கிழமை மத்தியானம், குளிருன்னு ஹீட்டரைப் போட்டுட்டுத் தூங்கிட்டா. அதுலேர்ந்து தீப் பிடிச்சு... அவ்வளவுதான். நஷ்டத்தைக் கணக்குப் போட வந்த இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் கேக்குதாரு. குடியிருந்தவங்க பக்கத்துல இருந்தும் ஒரு எழுத்து வேணுமாம்.

— எழுதிக் குடுத்தா?

— எரிஞ்சு போனதைத் திருப்பிக் கட்டக் காசு தருவான்.

— அது எப்புடி சிஸ்டர்? நான் இருபத்தெட்டு வருஷமா கண்டக்டரு. வண்டி மோதிட்டா அடிபட்டவங்களுக்கு இன்சூரன்சு வரும், கோர்ட்டு வரைக்கும் போயி சாட்சி சொல்லியிருக்கேன். வூட்டுக்கும் உண்டுன்னே எனக்கு இப்பதான் தெரியும்.

— எனக்கும் அப்படித்தான் அண்ணே. எங்க வீட்டுக்காரரு ஏசுதாஸ் இந்த ஃப்ளாட்டை வாங்கும்போது பேங்க்காரன் எடுத்தாகணும்னு சொல்லிட்டான். அவரு போன பிறகு வருஷா வருஷம் நானும் கெட்டிட்டு வந்தேன். உள்ள என்ன இருக்குன்னு தீப் பிடிச்ச பிறகுதான் கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்தேன்.

— இப்ப எனக்கும் படிச்சிக் காட்டுங்க.

— என்னத்துக்கு அண்ணே அதெல்லாம்?

— என் பொண்ணு செத்த வூடு சிஸ்டர். அந்த வூட்ல எதெதுக்குப் பாதுகாப்பு இருந்துச்சின்னு நான் தெரிஞ்சிக்கக் கூடாதா?

— அச்சா. படிக்குதேன். மொதல்ல கட்டிடம். சுவரு, கூரை, தரை, கதவு, ஜன்னல்.

— ஜன்னலுக்கு உண்டா?

— உண்டு.

— அதுல போட்ட கம்பிக்கு?

— கம்பியும் ஜன்னல்ல சேர்ந்ததுதானே.

— சரி. மேல படிங்க.

— பிறகு என் சாமான். நான் அந்த அறையில போட்டு வச்சிருந்தது. கட்டிலு, மெத்தை, ஃபேனு, கீசர்.

— பாப்பாவோட சாமான்? பரீட்சைக்குப் படிக்கிற புக்கு செவுரு ஒசரத்துக்கு அடுக்கி வச்சிருந்துச்சி. பத்தாவதுலேர்ந்து வாங்குன சர்ட்டிபிகேட்டு எல்லாம் ஒரே ஃபைல்ல.

— அது இதுல வராது அண்ணே. வாடகைக்கு இருக்கியவங்க அவங்க சாமானுக்குத் தனியா பாலிசி எடுக்கணுமாம்.

— அத பாப்பாகிட்ட யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. நானும் சொல்லல. எனக்கே தெரியாதே.

— மெத்தைக்கு உண்டு. அதுமேல படுத்திருந்ததுக்கு இல்ல.

— அண்ணே...

— படிங்க சிஸ்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்.

— வாடகை இழப்புன்னு ஒண்ணு. அறையைச் சரி பண்ணுத வரைக்கும் வேற யாருக்கும் விட முடியாதுல்லா. அத்தனை மாசத்து வாடகையைக் கம்பெனி தரும்.

— அதாவது, பாப்பா இல்லாம அந்த ரூம்பு காலியா கெடக்குது பாருங்க, அதுக்கு.

— ஆமா.

— எங்க வூட்லயும் ஒரு ரூம்பு காலியா கெடக்குது.

— சாயா ஆறிப் போச்சு. வேற போட்டுத் தரட்டா?

— வேணாம். நீங்க ரெண்டு தாளை ஒண்ணா திருப்பிட்டீங்க.

— இல்லியே.

— டிக்கெட் கிழிச்ச கையி சிஸ்டர். ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு வந்தா பாத்தாலே தெரியும். அந்தப் பக்கத்துல இன்னா?

— அது... வீட்டுக்காரங்க பொறுப்பு. வீட்டுக்காரங்க தப்பால, குடியிருக்கியவங்க உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவங்க குடும்பத்துக்கு நஷ்டஈடு. வீட்டுக்காரங்களுக்குப் பதிலா கம்பெனி குடுக்கும்.

— ஓ.

— தப்பு வீட்டுக்காரங்க மேல இருந்தா மட்டும்தான். வயரு பழசாகி, அது தெரிஞ்சும் சரி பண்ணாம விட்டா, அந்த மாதிரி. அப்படின்னா போலீஸ் கேஸும் வரும். கட்டிடத்துக்குத் தர வேண்டியதையும் கம்பெனி யோசிக்கும்னு சர்வேயர் சொன்னாரு.

— இங்கதான் ஹீட்டராச்சே. அதனால படிக்க வேணாம்னு உட்டுட்டீங்க. சரிதான்.

— ம்.

— அந்த ஹீட்டரு இருக்குதா? ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு இருக்குது.

— அங்க என்ன மிச்சம் இருந்துது? கெட்டில், ஃபேனு எல்லாம் உருகி ஒரே கட்டியா கெடந்துது. எது எதுன்னே தெரியல. மாநகராட்சி வண்டியில அள்ளிப் போட்டாச்சு.

— ம்.

— அண்ணே, அவளை நான் வாடகைக்காரின்னு நெனைக்கல. கிறிஸ்மஸுக்கு இந்த மேசையில இருந்துதான் தின்னா. படிச்சுக்கிட்டே பாத்த வேலையில நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது கீழ நின்னே, ஆன்ட்டி, பால் வேணுமான்னு சத்தம் குடுப்பா. அன்னைக்கு நான் கோயில் முடிஞ்சு வாரேன், மாடியில புகை. எதிர் வீட்டு சர்தார்ஜிதான் கதவை ஒடச்சுத் தூக்கிட்டு வந்தாரு. முப்பத்தொரு வருஷம் நர்சு வேலை பாத்தவ நான். நான்தான் நாடி பிடிச்சுப் பாத்தேன். தீ அவளைத் தொடவே இல்ல. புகைதான்.

— தெரியும். மொகம் அப்புடியே இருந்துச்சி. பாப்பா தூங்குது, எழுப்பிக் காப்பி குடுன்னு எங்கிட்ட சொன்னா என் வூட்டுக்காரி.

— அவங்க இப்ப எப்படி இருக்காங்க?

— வேளைக்குச் சோறு போடுறா. பேச மாட்டேங்குறா.

— யார்கிட்டயுமா?

— எங்கிட்ட. அந்த ஹீட்டரை வாங்கிக் குடுத்தவன் நான்தானே.

— நீங்களா?

— நவம்பர்ல பாப்பாவைப் பாக்க வந்தேன் இல்ல, அப்ப. லஜ்பத் நகர்ல கடைக்காரன் ரெண்டு காட்டினான். ஒண்ணு சாஞ்சி விழுந்தா தானா அணைஞ்சிடும், வெல ஜாஸ்தி. இன்னொண்ணு சும்மா கம்பி போட்டது. நான் அதையே எடுத்தேன். ஊருக்குப் போயி, டெல்லிக்காரன்கிட்டயே பேரம் பேசி வாங்கினேன்னு அவகிட்ட பெருமை வேற அடிச்சேன்.

— மாதாவே.

— நீங்க போன்ல ஹீட்டருன்னு சொன்ன அன்னிக்கு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அவளும் கேட்டா. அன்னிலேர்ந்து எம் மூஞ்சைப் பாக்கல. வண்டியில பாப்பா வயசுப் பொண்ணு யாராவது ஏறினா எனக்கு விசில் ஊத மறந்துடுது. டிரைவரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.

— நான் வேணும்னு சொல்லல அண்ணே. சர்வேயர் வந்து நின்னு, அறையில என்னென்ன இருந்துது, என்னென்ன இருந்துதுன்னு கேட்டாரு. வாயில வந்துது, சொல்லிட்டேன். எனக்குப் பிள்ளையும் இல்ல. இந்த வீடு ஒண்ணுதான்.

— உங்களைக் குத்தம் சொல்ல நான் வரல சிஸ்டர். உங்களுக்காவது வூடு திரும்பக் கெடைக்கட்டும். பேனாவைக் குடுங்க.

— கொஞ்சம் பொறுங்க.

— இந்தக் கோட்டு மேலயா, கீழயா?

— வேண்டாம் அண்ணே. வைங்க பேனாவை.

— கையை எடுங்க சிஸ்டர். நான்தான் கொன்னேன்னு ரெண்டு மாசமா தெனம் சொல்லிக்கிறேன். இப்ப காயிதத்துல ஒரு தடவை எழுதுறதுக்கு இன்னா?

— நீங்க கொல்லல. சுவிட்ச் போர்டுல பொறி வருதுன்னு மூணு தடவை எங்கிட்ட வந்து சொன்னா. எலக்ட்ரீசியனைக் கூப்பிடுதேன், நாளைக்குக் கூப்பிடுதேன்னு தள்ளிப் போட்டவ நான்.

— அப்ப ஹீட்டரு?

— முட்டு வலியில நான் அழுததைப் பாத்துட்டு, முந்தின நாளே கீழ தூக்கிட்டு வந்து எனக்குத் தந்துட்டா. அது என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, அண்ணே.